ஏழாவது ஜெபக் குறிப்பு

அந்த இன்லேண்ட் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது, தேதிக்கும் மேலே பொடி எழுத்தில் எழுதியிருந்த ஒரு வரி: 'இது பத்திரிகைக்கு இல்லை.' அதன் அடியில் இரண்டு கோடுகள், தாள் கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்திப் போட்டவை. முகவரியில் செயலர் ஐயாவின் பெயர் இல்லை, சங்கத்தின் பெயரும் இல்லை. என் பெயர் மட்டும்தான். அந்த மேஜையில் உட்கார்ந்து யார் யாருக்கோ வந்த கடிதங்களை மூன்று வருடமாகப் பிரித்துக்கொண்டிருந்த எனக்கென்று வந்த முதல் கடிதம் அது. படித்து முடித்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் டைப்ரைட்டர் உறைக்கு அடியில் தள்ளிவிட்டு, எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். ஜன்னலுக்கு வெளியே கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் புறப்பட்டுக்கொண்டிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துமூன்று வயது.

கிழக்குத் தாம்பரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெருவில், ஒரு வீட்டின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். சிறிய மிஷனெரி சங்கம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துச் சபைகளைச் சேர்ந்த குடும்பங்கள் ஒன்றுகூடி, தங்களில் சிலரை வடக்கே மலைநாட்டுக்கு ஊழியத்துக்கு அனுப்பிவந்தார்கள். போனவர்கள் அங்கே பள்ளி நடத்தினார்கள், மருந்து கொடுத்தார்கள், அந்த மக்களின் பேச்சைக் கற்று அந்தப் பேச்சிலேயே பாடவும் ஜெபிக்கவும் முயன்றார்கள். அவர்களைத் தாங்குவது எங்கள் வேலை. தாங்குவது என்பது பெரிய சொல். மாதம் ஒரு பார்சல் கட்டுவோம். சைக்ளோஸ்டைல் செய்த உற்சாகக் கடிதம் ஒன்று, சோர்ந்துபோன ஊழியருக்கென்று அச்சிட்ட கையடக்கப் புத்தகம் ஒன்று, பிரசங்கமும் பாட்டும் பதிந்த கேசட் ஒன்று, டிசம்பரானால் ஒரு காலண்டர். மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டுக் கிடக்கும்போது இரண்டு மாதப் பார்சல் ஒன்றாகப் போய்ச் சேரும்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பணித்தளத்திலிருந்து வரும் கடிதங்களைப் படித்து, சபை மக்கள் படிக்கும் மாதப் பத்திரிகைக்கு எதை எடுக்கலாம் என்று நீலப் பென்சிலால் கோடு போட வேண்டும். நல்ல செய்திகள் முன்பக்கத்துக்குப் போகும். கஷ்டங்கள் கடைசிப் பக்கத்தில் ஜெபக் குறிப்புகளாகும். மலேரியா திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒருவர் எழுதினால் 'சரீர சுகபெலத்துக்காக' என்று போடுவேன். பேச்சுத்துணைக்கு ஒரு மனித முகம் இல்லை என்று எழுதினால் 'தேவ பிரசன்னத்தை அதிகமாய் உணர' என்று போடுவேன். எவ்வளவு நீளமான கடிதத்தையும் ஒன்றரை வரிக்குள் அடக்கிவிடுகிறாள் என்று செயலர் ஐயா கமிட்டியில் என்னைப் பாராட்டியிருக்கிறார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சம்பளம் வாங்காமல் உழைத்தவர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர். அவரைப் பற்றி இனி நான் எழுதப்போவதில் குறை சொல்வதுபோல ஏதாவது தொனித்தால் அதில் பாதி என் பங்கு.

கடிதம் எழுதியவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அஸ்தினாபுரத்துக்காரர், நர்ஸ். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஓய்வு கிடைக்கும் சனிக்கிழமைகளில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து பத்திரிகை மடித்துக் கொடுப்பார், தபால்தலை ஒட்டுவார். வாய் ஓயாது. "ஊசி போடும்போதுகூட பேசிக்கிட்டேதான் போடுவேன். என் பேச்சுத் தாங்காம பேஷன்ட் ஊசியை மறந்துடுவாங்க" என்பார். அவர் சிரித்தால் கீழே வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அவர் கணவர் நேர்மாறு. ஒரு கேள்விக்கு ஒரு பதில், அதுவும் யோசித்து. அவரை அண்ணன் என்று அழைப்போம். திருமணமான மறுவருடமே இருவரும் தங்கள் வேலைகளை விட்டுவிட்டு, அப்போது பீகாரின் தென்கோடியாக இருந்த காட்டுப் பகுதிக்குப் போக ஒப்புக்கொடுத்தார்கள். சபையில் பிரதிஷ்டை ஆராதனை நடந்தது. சாயங்காலம் ஒரு கூட்டமாக மின்சார ரயிலேறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து சென்ட்ரலுக்குப் போய் வழியனுப்பினோம். வண்டி நகரும்போது எல்லாரும் பாடினோம். ஜன்னல் கம்பி வழியாக அக்காவும் பாடினார். எங்கள் எல்லாரையும்விட அவர் குரல்தான் சத்தமாகக் கேட்டது.

முதல் வருடக் கடிதங்களை நான் நீலப் பென்சில் இல்லாமலேயே இரண்டு முறை படிப்பேன். 'மருந்து சாப்பிட்டீர்களா' என்று கேட்பதாக நினைத்து அந்த மக்களின் பேச்சில் 'என்னைச் சாப்பிட்டீர்களா' என்று வீடு வீடாகக் கேட்டுவிட்டு வந்ததையும், மறுநாள் குழந்தைகள் 'இன்னும் சாப்பிடவில்லை' என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்ததையும் எழுதியிருந்தார். பக்கத்துக் குடிசையில் ஒரு பெண் இருந்தாள். அக்கா அவளை தீதி என்று அழைத்தார். இந்தியில் அக்கா என்று பொருள். அவளும் இவரை தீதி என்றாள். ஒருவருக்கொருவர் தீதி. அந்தப் பெண் பேச்சுக் கற்றுக்கொடுத்த விதம், சொல்லைத் தப்பாகச் சொன்னால் தோளில் ஓர் அடி அடிப்பது என்று எழுதியிருந்தார். இரண்டாம் வருடம் கடிதங்கள் குட்டையாயின. அண்ணன் ஊர் ஊராகச் சுற்றப் போய்விட்டால் திரும்ப இரண்டு வாரம் ஆகும். 'இங்கே தனியாக இருக்கிறேன்' என்று ஒரே ஒரு வரி வந்த கடிதமும் உண்டு. அதற்கும் நான் ஒரு ஜெபக் குறிப்பு எழுதினேன்.

பிறகுதான் அந்த இன்லேண்ட் வந்தது. அதில் இருந்ததை இன்றும் ஏறக்குறைய அப்படியே சொல்ல முடியும். 'நாலு மாதம். யாருக்கும் சொல்லவில்லை, அஞ்சாம் மாதம் எழுதலாம் என்று இருந்தேன். அவர் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது ஆரம்பித்தது. மூன்று நாள். பஸ் வரும் இடத்துக்கு அரை நாள் நடக்க வேண்டும். என்ன நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. எத்தனையோ பேர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தெரிந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தீதிதான் என்னைத் தூக்கிப் படுக்கவைத்தாள், துணி அலசினாள், கஞ்சி ஊட்டினாள். பிள்ளையை அவள்தான் கொண்டுபோய் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். எந்த மரம் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் அவ்வளவு வார்த்தை எனக்கு அந்தப் பேச்சில் இல்லை. நீங்கள் அனுப்பிய புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன், மூடிவிட்டேன். ஜெபிக்க வரமாட்டேன் என்கிறது. யாரிடமாவது தமிழில் சொல்லி அழ வேண்டும்போல இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், பிரஷர்காரி, நேரில் வந்து நானே சொல்கிறேன். ஐயாவுக்கும் வேண்டாம். யாராவது ஒருவர் வந்து நாலு நாள் என்னோடு இருக்க முடியுமா? நீ வருவாயா?'

ஒரு வாரம் அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பம்மலில் எங்கள் வீடு. தினமும் பஸ்ஸில் பல்லாவரம் வந்து அங்கிருந்து ரயில் பிடிப்பேன். பஸ் தோல் பதனிடும் கொட்டகைகளைக் கடக்கும்போது எல்லாரும் மூக்கை மூடுவார்கள். நான் அந்த வாரம் மூக்கை மூடவும் மறந்து, என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். நான் கல்யாணம் ஆகாதவள். பிள்ளை பெறுவதும் தெரியாது, இழப்பதும் தெரியாது. பீகாருக்குப் போகிறேன் என்று சொன்னால் அப்பா என்னை அலுவலகத்துக்கே அனுப்பமாட்டார். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். 'அக்கா, எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை' என்று ஒரு தாளில் எழுதினேன். அது ரொம்பக் கேவலமாகத் தோன்றியது. அதையும் கிழித்துவிட்டு, அலமாரியிலிருந்த அந்தக் கையடக்கப் புத்தகத்தை எடுத்தேன். இழப்பைச் சந்தித்தவர்களுக்கென்று அதில் ஒரு பகுதி இருந்தது. நல்ல தமிழ். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை என் கையெழுத்தில் பார்த்து எழுதி, கீழே 'அன்புத் தங்கை' என்று போட்டு அனுப்பினேன். வருவாயா என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை.

அனுப்பிய பிறகு பயம் வந்தது. அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், தெரிந்திருந்தும் மறைத்தவள் நான்தான் என்று ஆகுமே. செயலர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். கடிதத்தைக் காட்டவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "பாவம்மா அந்தப் பொண்ணு. எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கணும்" என்றார்.

"ஐயா, யாருக்கும் தெரிய வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"பேர் போட வேணாம்மா. பேர் இல்லாம போடலாம். ஜெபம் பண்ணாம எப்படி இருக்குறது?"

அவர் சொல்லச் சொல்ல அந்த மாதக் கடைசிப் பக்கத்தின் ஸ்டென்சிலை அடித்தது நான். ஏழாவது ஜெபக் குறிப்பு: 'பணித்தளத்தில் தாய்மையின் நம்பிக்கையை இழந்து தவிக்கும் ஒரு சகோதரியின் ஆறுதலுக்காக.' ஒன்றரை வரி. அடித்து முடித்து, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் நினைவிருக்கிறது. பிழை இல்லை.

அப்போது பணித்தளத்தில் மொத்தமே மூன்று பெண்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், ஒருவர் மணமாகாதவர். பத்திரிகை போன மூன்றாம் நாள், அக்காவின் அம்மா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அஸ்தினாபுரத்தில் பெண்கள் ஐக்கிய ஜெபக் கூட்டத்தில் யாரோ அந்தக் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபித்திருக்கிறார்கள். ஏழாவதை வாசிக்கும்போது அவரும் முழங்காலில் இருந்திருக்கிறார். ஐயா வெளியே போயிருந்தார். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"யாரும்மா அந்த சகோதரி?"

"தெரியலம்மா. ஐயாவைத்தான் கேக்கணும்."

"நீதான டைப் அடிக்கிற?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் பொண்ணா?"

தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து ஒரு இன்லேண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "பத்து நாளைக்கு முன்னாடி வந்துச்சு. படி. நல்லா இருக்கேன்மா, இங்க நல்ல மழைன்னு எழுதியிருக்கா. நானும் சபையில எல்லார்கிட்டயும் சொன்னேன், எம் பொண்ணு நல்லா இருக்கா, அங்க நல்ல மழையாம்னு." அவர் அழவில்லை. எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டார். நாலு என்றேன். விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்துவிட்டு, "ஈஸ்டருக்கு முறுக்கு சுட்டு அனுப்புனேன். அப்பவே இருந்திருக்கு" என்றார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் படியிறங்கிப் போனார்.

அலுவலகத்தைப் பெருக்க வரும் அம்மா வாசலில் விளக்குமாற்றோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. பம்மலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரி. "இன்னாம்மா இது, அநியாயமா கீது" என்றது. "அம்மாந்தூரத்துல ஒரு பொண்ணு ஒண்டியா கெடந்து அவதிப்பட்டுகினு கீது. இங்க இத்தினி பேரு கீறீங்க. ஒரு தபா ஒருத்தராச்சும் போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு இன்னா?"

மறுநாள் ஐயாவிடம் கேட்டேன். யாராவது போகலாமா, நான் போகலாமா என்று. அவர் என்னைப் பரிவோடுதான் பார்த்தார். "கல்யாணம் ஆகாத பொண்ணை அவ்வளவு தூரம் எப்படிம்மா அனுப்புறது? உங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கமிட்டியிலயும் யாருக்கும் லீவு இல்ல. மழை நின்னதும் நானே வழக்கமான விசிட் போறேன்ல." மழை நின்றபோது அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. அந்த வருட விசிட் நடக்கவில்லை. அந்த மாதப் பார்சல் மட்டும் தவறாமல் போயிற்று. நான்தான் கட்டினேன். கேசட், உற்சாகக் கடிதம், பத்திரிகை. பத்திரிகையை எடுத்துவிட்டு அனுப்பலாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எடுத்தால் மட்டும் என்ன, அவர் அம்மா எழுதாமலா இருப்பார் என்று திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

அதன்பிறகு அக்காவிடமிருந்து கடிதம் இல்லை. அறிக்கைகள் வந்தன, அண்ணனின் கையெழுத்தில். எத்தனை ஊர் போனார், பள்ளியில் எத்தனை பிள்ளைகள். கடைசி வரியில் 'என் மனைவி சுகமாக இருக்கிறார்' என்று இருக்கும். ஏழெட்டு மாதம் கழித்து இருவரும் விடுமுறையில் வந்தார்கள். சென்ட்ரலில் இறங்கிய அக்காவைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் மஞ்சளாகிக் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

விடுமுறையில் வருகிற மிஷனெரி சபையில் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குரோம்பேட்டையில் மிஷனெரி ஞாயிறு. அண்ணன் முதலில் பேசினார், நன்றாகவே பேசினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். மைக்கின் உயரத்தைச் சரிசெய்ய ஒருவர் வந்தார், வேண்டாம் என்று கையசைத்துவிட்டு அக்கா எங்களைப் பார்த்தார். பிறகு, "நீங்க அனுப்புனது எல்லாம் வந்துச்சு" என்றார். "புக் வந்துச்சு. கேசட் வந்துச்சு. காலண்டர் வந்துச்சு, சுவத்துல மாட்டியிருக்கோம். லெட்டரும் வந்துச்சு. ஒண்ணுகூட தொலையல. ரொம்ப நன்றி." சிலர் தலையசைத்தார்கள். அவர் போய் உட்காரப்போகிறார் என்று நினைத்தேன். மைக்கை விட்டு நகர்ந்தவர் திரும்பி வந்தார். "யாராவது ஒருத்தர் வந்திருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். போதகர் எழுந்து ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார், எல்லாரும் நிம்மதியோடு எழுந்து நின்று பாடினோம். நானும் பாடினேன். முன்வரிசையில் செயலர் ஐயா மட்டும் எழுந்திருக்கவில்லை. கண் சரியில்லாததால் பாட்டுப் புத்தகம் தெரியவில்லை என்று பிறகு சொன்னார்.

மறுநாள் அஸ்தினாபுரத்துக்குப் போனேன். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னையும் உட்காரச் சொல்லி முறத்தின் ஒரு பக்கத்தை என்னிடம் தள்ளினார். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை நான் சொல்ல ஆரம்பிக்கும் முன் அவரே சொன்னார்.

"உன் லெட்டர் வந்துச்சு. நாப்பத்தி ரெண்டாம் பக்கம்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"அந்த புக் எங்கிட்டயும் இருக்குல்ல. நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தி மூணு. ஒரு வரி விட்டுட்ட நடுவுல."

"அக்கா, எனக்கு என்ன எழுதுறதுன்னே தெரியல."

"அதையே எழுதியிருக்கலாம்லடி. 'எனக்கு ஒண்ணும் தெரியலக்கா, இன்னிக்குக் காலையில ட்ரெய்ன் லேட்டு, மத்தியானம் லெமன் சாதம் சாப்பிட்டேன்'னு எழுதியிருந்தா அதை நூறு தடவை படிச்சிருப்பேன்." கோபமாகச் சொல்லவில்லை. அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு ஜெபக் குறிப்பைப் பற்றி நான் சொன்னேன், அடித்தது நான்தான் என்று. "தெரியும். உன் மெஷின்ல 'ழ' மேல ஏறி விழும்" என்றார். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று அவர் பேசியதெல்லாம் தீதியைப் பற்றித்தான். அந்த மூன்று நாளுக்குப் பிறகும் தீதி தினமும் மத்தியானம் வந்து பக்கத்தில் உட்காருவாளாம். இருவருக்கும் பொதுவாக இருந்த வார்த்தைகள் சோறு, விறகு, ஆடு, மருந்து போன்றவைதான். துக்கத்துக்கு உதவுகிற ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்களாம். அக்காவின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஈர் பார்ப்பாளாம். "எனக்கு ஈரே இல்ல. அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் பாப்பா" என்றார் அக்கா. "நான் அவளுக்கு ஊழியம் செய்யத்தான் போனேன். கிளம்பும்போது, சீக்கிரம் வந்துடுவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். விதைப்புக்கு முன்னாடி வந்துடுன்னா. சரின்னேன்."

அக்கா திரும்பிப் போகவில்லை. மண்ணீரல் வீங்கியிருக்கிறது, இன்னொரு முறை அந்தக் காய்ச்சல் வந்தால் தாங்காது, அந்தப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். கமிட்டி கூடி, கணவர் பணித்தளத்துக்குத் திரும்பட்டும், மனைவி இங்கேயே இருக்கட்டும் என்று தீர்மானித்தது. கமிட்டியில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். தீர்மானத்தை எழுதி அடித்ததும் நான்தான். அதை எடுத்துக்கொண்டு போனபோது அக்கா வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நான் நர்ஸ். டாக்டர் சொல்றது சரின்னு எனக்குத் தெரியும். அதுதான் கஷ்டம்" என்றார். அண்ணன் தானும் போகவில்லை என்று சொன்னபோது, அவரை வற்புறுத்தி அனுப்பியவர் அக்காதான். "ரெண்டு பேரும் வந்துட்டா அங்க யாரு இருக்கா? போய் தீதிகிட்ட சொல்லுங்க, நானா வராம இருக்கல, விட மாட்டேங்குறாங்கன்னு."

அண்ணன் போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்தில் அந்தச் செய்தி இருந்தது. அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது, விதைப்பு இல்லை. பாதி ஊர் மலையிறங்கிக் கூலிவேலைக்குப் போய்விட்டது. தீதியின் குடும்பமும். செங்கல் சூளைக்கு என்கிறார்கள், தேயிலைத் தோட்டத்துக்கு என்கிறார்கள், சரியாக யாருக்கும் தெரியவில்லை. குடிசைக் கதவைக் கொடியால் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அக்கா பம்மலில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தார். தோல் கொட்டகைகளின் சுண்ணாம்புத் தொட்டியில் வேலைசெய்து கையெல்லாம் வெந்துபோன ஆட்கள் வருவார்கள், கட்டுப் போட்டு அனுப்புவார். சாயங்காலம் வேலை முடிந்து சில நாள் எங்கள் வீட்டுக்கு வருவார். அப்படி ஒரு நாள்தான் கேட்டார். "எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு எப்படிடி லெட்டர் போடுறது? நீதான் இதுல எக்ஸ்பர்ட்." அப்படிக் கேட்டபோது உண்மையாகவே ஒரு வழி இருக்கும் என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தோன்றியதெல்லாம் கேசட்தான். பிரசங்கங்களை நகல் எடுக்கும் டேப் ரெக்கார்டர் அலுவலகத்தில் இருந்தது. அண்ணன் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், அக்காவை உட்காரவைத்து மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அந்த மலைமக்களின் பேச்சில் பேசினார். ஒரு பக்கம் முழுக்க. எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் சென்ட்ரலில் கேட்ட குரல் அது. திட்டினார், கெஞ்சினார், எதையோ சொல்லிப் பெரிதாகச் சிரித்தார், நடுவில் இரண்டு வரி பாடினார். ரயில் ஒன்று தடதடவென்று போனபோது நிறுத்தச் சொல்வார் என்று பொத்தானில் விரலை வைத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் விரலைக் காட்டி, அது என்ன சத்தம் என்று தீதிக்கு விளக்கினார் என்று நினைக்கிறேன். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதைக் குடுத்துடுங்க" என்று அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் அந்த வருடம் முழுக்க மலையிறங்கி வருகிற போகிற எல்லாரிடமும் விசாரித்தார். தீதி வரவில்லை. ஊர்ப் பெண்கள் சிலர் வந்து கேசட்டைப் போடச் சொல்லிக் கேட்பார்களாம், இங்கிருந்த நர்ஸம்மா இப்படித்தான் பேசுவாள் என்று சிரிப்பார்களாம். அடுத்த வருடம் அக்கா இன்னொரு கேசட் பதிந்தார். அதற்கடுத்த வருடம் இன்னொன்று. எனக்குத் திருமணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும், ஒவ்வொரு வருடமும் அண்ணனின் விடுமுறை முடியும் சமயத்தில் அக்கா ஒரு புதுக் கேசட்டோடு மாடியேறி வருவார். செயலர் ஐயா இறந்து புதியவர் வந்துவிட்டார். அவர் ஒன்றும் கேட்கமாட்டார்.

நான் இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். சங்கம் இன்னும் இருக்கிறது. மலையில் இருப்பவர்களோடு இங்கிருப்பவர்கள் போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஊழியர் நலனைக் கவனிக்கவென்றே படித்த ஒரு பெண் இருக்கிறாள். தினமும் விடிந்ததும் அத்தனை பேருக்கும் ஒரு வசனமும் ஒரு பூவின் படமும் அனுப்புகிறாள். போன மாதம் பொத்தேரியில் நடந்த பயிற்சி முகாமில், வடக்கே போகப்போகிற இளம் தம்பதிகளுக்கு நான் இரண்டு வார்த்தை ஊக்கமாகப் பேச வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். எழுந்து நின்றேன். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன், காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதையும் சொன்னேன். மரியாதைக்குச் சிரித்தார்கள்.

அக்காவோடு நான் கடைசியாகப் பதிந்தது தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். அண்ணனுக்கும் அதுதான் கடைசிப் பயணம், அடுத்த வருடத்தோடு திரும்பிவிடப்போகிறார். கேட்கலாமா வேண்டாமா என்று பல வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த கேள்வியை அன்று கேட்டுவிட்டேன்.

"அக்கா, தீதி அந்த ஊருக்குத் திரும்பி வரவே இல்லைன்னு அண்ணன் வருஷா வருஷம் சொல்றாரு. அப்புறமும் எதுக்கு?"

அவர் கேசட்டின் மேல் சுற்றியிருந்த கண்ணாடித் தாளை நகத்தால் கீறிப் பிரித்துக்கொண்டிருந்தார். "தெரியும்டி" என்றார். "உங்க பார்சல் வர்றப்பல்லாம் எனக்கு எரிச்சலா வரும். நான் கேட்டது ஒண்ணு, இவங்க அனுப்புறது ஒண்ணுன்னு. ஆனாலும் ஒரு மாசம் தவறாம வந்துடும். இப்பத்தான் புரியுது, நீங்க ஏன் அனுப்பிக்கிட்டே இருந்தீங்கன்னு."

"ஏன்க்கா?"

"வேற என்ன பண்றதுன்னு தெரியலல்ல?"

கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு மூடி, என் கையை எடுத்துப் பொத்தானின் மேல் வைத்தார். அழுத்தினேன். அக்கா பேச ஆரம்பித்தார். முதல் பக்கம் ஓடி முடிந்து பொத்தான் தானாக மேலே வந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை. கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டேன்.